மார்க் போட்ட அக்கா

புனேயில், ஹடப்சரில் இருந்த எங்கள் கடையின் மேலாளர் ஒரு நாள் ஊதா நிறத்தில் மஞ்சள் பூப்போட்ட சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். அங்கே வேலை பார்த்த அக்கா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இருபத்தெட்டு. ஃபெயில்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பருப்பு அலமாரிப் பக்கம் போய்விட்டார். மேலாளர் மராட்டிக்காரர், முப்பது வயதிருக்கும், கடையில் அவர் குரலுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். அந்தச் சட்டையை மட்டும் அதற்குப் பிறகு யாரும் கடையில் பார்க்கவில்லை.

அக்கா எதற்கும் மார்க் போடுவார். மழைக்கு, எதிர்க்கடை டீக்கு, பஸ் ஓட்டுநர் பிரேக் போடுகிற விதத்துக்கு, என் தலைவாரலுக்கு. ஒரு முறை நான் கிச்சடி என்று ஒன்றைச் சமைத்து டப்பாவில் கொண்டுபோனேன். ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி யோசித்து, "முப்பத்தாறு போடுதேன்மா. பாஸ் பண்ணி விட்டுட்டேன், போங்க" என்றார். பாஸ் மார்க் முப்பத்தைந்து. அதற்குக் கீழே எதுவானாலும் பெயில்தான், சிபாரிசு செல்லாது.

கடையில் எல்லாரும் அவரை மௌசி என்று கூப்பிட்டார்கள். இந்தியில் சித்தி. நான் மட்டும் அக்கா என்றேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும், கேட்கிற நிலைமையில் நான் இல்லை. இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போயிருக்கிறேன். ஏனென்றால் அரிசிக்கும் பிஸ்கட்டுக்கும் மார்க் உண்டு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

நான் படித்தது திருச்சியில், சத்துணவியல். புனேக்கு வந்து கராடியில் ஒரு மளிகைக் கடை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தேன். ஊருக்குள் எங்களுக்கு ஏழெட்டுக் கடைகள். பொருள்களுக்கு எண் போடும் திட்டம் ஒன்றை அங்கே கொண்டுவந்தோம். விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை, அதில் ஒன்றிலிருந்து நூறுக்குள் ஓர் எண். அந்தப் பொருளில் சத்து எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். நார்ச்சத்து, இரும்பு, கால்சியம், பொட்டாசியம் எல்லாம் எண்ணை ஏற்றும்; சர்க்கரை, சோடியம், கெட்ட கொழுப்பு இறக்கும். எழுபதும் அதற்கு மேலும் பச்சை அட்டை, நடுவில் மஞ்சள், முப்பதுக்குக் கீழே சிவப்பு. பாலக் கீரைக்குத் தொண்ணூற்று நாலு. உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பதினொன்று. பாக்கெட்டின் முதுகில் எறும்பு எறும்பாக எழுதியிருப்பதை யார் படிக்கப்போகிறார்கள், ஓர் எண் போதும் என்பது எங்கள் வாதம். ரொம்பப் பெருமையாக இருந்தது எனக்கு.

ஹடப்சர் கடை ஊழியர்களுக்கு இதை விளக்கப் போன அன்றுதான் அக்காவை முதலில் பார்த்தேன். பச்சை ஏப்ரன், நெற்றியில் ஒட்டுப்பொட்டு, காதில் கல் தோடு, ஐம்பதைத் தாண்டிய வயது. என் திருச்சி இந்தியைக் கேட்டு மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கையைத் தூக்கினார்.

"முப்பதுக்குக் கீழதான் செவப்பா? அப்ப முப்பத்தொண்ணு எடுத்தா பாஸா?" என்றார் தமிழில். எனக்குத் திக்கென்றது.

"ஆமாங்க."

"பத்தாப்புல கணக்குல நான் முப்பத்தொண்ணு. பெயில்னுட்டானுவ. அதோட என்னைக் கெட்டிக்குடுத்துப் பூனாவுக்கு அனுப்பிட்டாவ. எனக்கு இல்லாத பாஸு, மைதா பிஸ்கோத்துக்கு மட்டும் எதுக்கு?"

அவர் திருநெல்வேலிப் பக்கம். பத்தொன்பது வயதில் வந்தவர், முப்பத்திரண்டு வருஷமாகப் புனேதான். இந்தி, மராட்டி இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுத்துக் கூட்டாமல் படிப்பார். ஆங்கில எழுத்து மட்டும் ஏறவில்லை, எண்கள் தெரியும். எங்கள் திட்டத்துக்கு எண் தெரிந்தால் போதும்.

கூட்டம் முடிந்து நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "ஒண்ணு கேக்கணும் மேடம். இந்த நம்பரு எல்லாருக்கும் ஒண்ணுதானா? பச்சப் பிள்ளைக்கும், கெழவனுக்கும், சீக்காளிக்கும்?"

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இன்னொரு கடைக்குப் போக வேண்டும். "எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. நம்பர் பெருசா இருந்தா நல்லது. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க" என்றேன். ஊழியர்களுக்கு நான் எழுதிய கையேட்டின் முதல் வரியும் அதுதான்.

நல்ல கேள்வி. நாலு வருஷம் படித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. அதை ஓர் ஆட்டோ ஹாரனுக்காகத் தள்ளிவிட்டேன்.

அக்காவோ அந்த எண்களை மனப்பாடம் செய்துவிட்டார். ஒரே மாதம், கடையில் ஆயிரத்துக்கு மேல் பொருள்கள். அட்டையைப் பார்க்காமலே சொல்வார். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பணப்பெட்டிக்குப் போகும் வழியில் கூடையை நிறுத்தி எட்டிப் பார்ப்பார். "காக்கா, உங்க கூடையில் மூன்று ஃபெயில் இருக்கிறது" என்பார் இந்தியில். காக்கா என்றால் இந்த ஊரில் சித்தப்பா. அந்தக் காக்கா, ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர், தலைகுனிந்து கிரீம் பிஸ்கட்டைத் திரும்ப அலமாரியில் வைப்பதை நானே பார்த்திருக்கிறேன். மேலாளர் பயந்தார், வாடிக்கையாளர் ஓடிவிடுவார்கள் என்று. ஓடவில்லை. அக்கா விடுமுறையில் இருந்தால், "மௌசி எங்கே?" என்று கேட்டுவிட்டுப் பாதி சாமானை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர் ஒன்றும் கண்மூடிப் பின்பற்றுகிற ஆள் இல்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு மோதகம் வந்து குவிந்தபோது எங்கள் கணினி அதற்கும் எண் போட்டது. பன்னிரண்டு, சிவப்பு. அட்டையை ஒட்டியே ஆக வேண்டும் என்றார் மேலாளர். அக்கா ஒட்டவில்லை. மேலாளர் எனக்குப் போன் போட்டார். நான் அக்காவிடம் பேசினேன்.

"அது சாமிக்குப் படைக்கதும்மா. சாமிக்கு எதுத்தாப்புல போய் பெயில்னு எழுதி வைக்கச் சொல்லுதியளே, ஒங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"ரூல்ஸ் அக்கா."

"ரூல்ஸ ஒரு பத்து நாளைக்கு மடிச்சு வைங்க. பிள்ளையாரு ஊருக்குப் போன பொறவு நானே ஒட்டுதேன்."

மடித்து வைத்தோம். பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜனம் முடிந்த மறுநாள் காலை அக்கா முதல் வேலையாகப் பன்னிரண்டை ஒட்டினார். மிச்சமிருந்த மோதகத்தை யாரும் தொடவில்லை.

அவருடைய வீட்டுக்காரரை மாலையில் கடை வாசலில் பார்ப்பேன். ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்காவைக் கூட்டிப்போக ஸ்கூட்டரில் வருவார். ஒல்லியான, குறும்பான மனிதர். மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முட்டைக்கோஸுக்கு அடியில் ஒரு பாக்கெட் ஃபர்சாண் ஒளித்து எடுத்துக்கொண்டு பில் போட வருவார். மிக்சர் மாதிரி உப்பும் காரமுமாக இருக்கும் சமாச்சாரம், இந்த ஊரில் அது இல்லாமல் டீ இறங்காது. ஒவ்வொரு முறையும் அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

வீட்டுக்காரருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. சாயங்காலமானால் பாதம் வீங்கும். டாக்டர் ஒருவர் உப்பைக் குறையுங்கள் என்று சொல்லியிருந்தார். எங்கள் எண்கள் வந்த பிறகு அக்கா வீட்டு அடுக்களையை முழுதாக மாற்றிவிட்டார். காலையில் பாலக் சூப், பதினோரு மணிக்கு இளநீர், மதியம் முருங்கைக்கீரை, தக்காளி ரசம், ராத்திரி பீட்ரூட். எல்லாம் பச்சை அட்டை.

ஒரு நாள் அக்கா உள்ளே கணக்கு ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்தார். "எம்மா, ஒங்க நம்பரு வந்ததுல இருந்து நான் ருசியா ஒரு வாய் சாப்பிடல, தெரியுமா?"

"வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானேங்க."

"எப்படிச் சொல்லுதது? முப்பது வருசம் கம்பெனி கேண்டீன்ல தின்னவன் நான். இப்பம் அவ என் தட்டுக்கு முன்னால உக்காந்து, இது தொண்ணூறு, இது எம்பத்தெட்டுன்னு சொல்லிக்கிட்டே வைக்கா. அந்த மொகத்தப் பாக்கணுமே. அதுக்காவத் திங்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உப்பைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

எங்கள் சூத்திரம் கலோரியை வைத்து வகுக்கும். உப்பில் கலோரி கிடையாது. சுழியால் வகுக்க முடியாமல் கணினி உப்புக்கெல்லாம் வெற்றிடம் காட்டியது. வெற்றிடமாக விட்டால் அலமாரி அசிங்கமாக இருக்கும் என்று, உப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கையால் போடச் சொன்னார்கள். போட்டது நான். சாதா உப்புக்கு நாலு. சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று விற்கிறார்கள் அல்லவா, சோடியத்துக்குப் பதில் பாதியளவு பொட்டாசியம் கலந்தது, அதற்கு எழுபத்தொன்று. சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் நல்ல சத்து. கணக்கு சரி. தேநீர் ஆறுவதற்குள் போட்டு முடித்தேன்.

அக்காவுக்கு அந்த அட்டை வந்த நாள் திருநாள். "ஏம்மா, உப்பே பாஸாயிட்டே" என்று எனக்குப் போன் பண்ணினார். "டாக்டரு உப்பக் கொறைங்கன்னாவ. இவிய சப்புன்னு இருக்குன்னு தட்டத் தள்ளுதாவ. இனும தாராளமாப் போடலாம்லா?"

"போடலாம்க்கா" என்றேன்.

பாக்கெட்டின் பின்னால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். நான் படித்த பாடத்திலும் அது உண்டு, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தப் போனின்போது அது என் நினைவுக்கு வரவே இல்லை. வீங்கிய பாதங்களை வாசலில் எத்தனையோ நாள் பார்த்தவள், அப்போதும் வரவில்லை.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு காலை பதினோரு மணிக்கு அக்கா கூப்பிட்டார். "அம்மா, அவிய எந்திரிக்க மாட்டேங்காவ. கை காலு துவளுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கேன். மக சோலாப்பூர்ல இருந்து வரணும். நீங்க செத்த வாரியளா? படிச்சவிய ஒருத்தர் பக்கத்துல இருந்தா தேவல."

போனேன். பெண் டாக்டர், இளம் வயது. நாடி மிக மெதுவாக ஓடுகிறது என்றார். தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று அக்காவிடம் இந்தியில் கேட்டார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அந்தப் பதற்றத்திலும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பதில் தெரிந்த கேள்வி.

"பாலக் டாக்டர், தொண்ணூற்று நாலு. முருங்கைக்கீரை தொண்ணூற்று ஒன்று. தக்காளி எண்பத்திரண்டு. இளநீர் எழுபத்தாறு. ஃபெயில் ஆன பொருள் எதுவும் ஆறு மாதமாக வீட்டுக்குள் வரவில்லை."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "உப்பு?"

"சாதா உப்பு இல்லை டாக்டர். பச்சை அட்டை உப்பு. எழுபத்தொன்று."

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். ஆங்கிலத்தில் பேசினார். இவருடைய சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று போன வருஷத்து ரிப்போர்ட்டே சொல்கிறது, அது இவர்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் பைக்குள்தான் இருக்கிறது, யாரும் இவர்களுக்கு விளக்கியதாகத் தெரியவில்லை. உடம்பில் சேரும் பொட்டாசியம் வெளியே போக வழியில்லை. கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையும் அதைப் பிடித்து வைக்கும். கீரையும் இளநீரும் போதாதென்று அந்த உப்பு வேறு. இதயத்தை அதுதான் தாக்கியிருக்கிறது. முடிந்ததைச் செய்கிறோம் என்றார். பிறகு, "அந்த அம்மாவிடம் உங்கள் மொழியில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னாவ?"

"கிட்னி பழுதாயிருச்சாம்க்கா. ரொம்ப நாளாவே."

"ரொம்ப நாளாவா?" என்றவர், அவராகவே, "கேண்டீன் சாப்பாடு" என்றார். நான் பேசவில்லை. அவ்வளவுதான் என் பக்குவம்.

மூன்றாம் நாள் காலை அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். மின்மயானத்தில் அக்கா அழவில்லை. மகள்தான் அழுதாள். தொழிற்சாலைச் சிநேகிதர்கள் ஆகுர்டியிலிருந்து ஒரு டெம்போவில் வந்து, கைகட்டி வரிசையாக நின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் உப்புகளின் எண்களை எடுத்துவிட்டேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், "கலோரி இல்லாத பொருள், சூத்திரம் பொருந்தாது" என்று எழுதினேன். அது பொய்யில்லை. கையேட்டையும் மாற்றினேன், நோயாளிகள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எச்சரிக்கைதான் பாக்கெட்டிலேயே இருக்கிறதே என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வருகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினார். நெற்றியில் விபூதி மட்டும். உப்பு அலமாரியில் அட்டை இல்லாததை அன்று மதியமே பார்த்துவிட்டார்.

"எதுக்கும்மா எடுத்துட்டிய? நல்ல உப்பாச்சே."

"ஆபீஸ் ஆர்டர்க்கா. இனிமே யாருக்கும் அதைச் சொல்ல வேண்டாம்."

சொல்லவில்லை. உத்தரவை மீறுகிற ஆள் இல்லை. ஆனால் பேக்கிங் அறையில் துவரம்பருப்பை எடை போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: "முப்பத்திரண்டு வருசத்துல அவியளுக்கு நான் வேளாவேளைக்கு நல்லது பொங்கிப் போட்டது இந்தக் கடசி ஆறு மாசந்தாம்மா. மத்த நாளெல்லாம் ஷிப்டு, கேண்டீனு. பாஸான சோறு திங்க வச்சுத்தான் அனுப்புனேன். அது ஒண்ணுதான் எனக்கு இப்பம் தெம்பு."

நான் ஆமாம் என்றேன்.

அந்த ஆமாமோடு சில மாதங்கள் ஓடின. உண்மையைச் சொல்வதா வேண்டாமா என்று தினமும் எனக்குள் வழக்கு நடத்தினேன். அவருடைய தெம்பைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை என்பேன். அவருக்காகவா மறைக்கிறாய், உனக்காகவா என்று கேட்டுக்கொள்வேன். தீர்ப்பு வராது. ஹடப்சர் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனால் அக்கா டப்பாவைத் திறந்து ஒரு வாய் சாப்பிடச் சொல்வார். சாப்பிடுவேன். வாயில் அந்த உப்பின் லேசான கசப்பு தெரியும். கீரையின் கசப்பு என்று நினைத்துக்கொண்டேன், அல்லது அப்படி நினைக்கவே விரும்பினேன்.

பிறகு ஒரு நாள் போனபோது அவர் பின்கட்டில் காலிக் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"ஒரு மாசம் இருக்கும். சாயங்காலம் கனத்துப்போவுது. மயக்கம் போலவும் வருது."

"பிரஷர் பாத்தீங்களா? மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"அவியளுக்கு வாங்குனது மிச்சம் கெடந்துச்சு. அதே மாத்திரதான் எனக்கும் எழுதிக்குடுத்தாவ."

"வீட்ல என்ன உப்பு போடுறீங்க?"

"அதே உப்புதான். அட்டைய நீங்க எடுத்தா உப்பு கெட்டுப்போயிருமா? அவிய சாப்பிட்ட உப்பு, அத விட்டுட்டு வேற போடத் தோணல."

சொல்லிவிட்டேன். நின்றபடியே, மூச்சு விடாமல், எல்லாவற்றையும். அந்த உப்பில் இருப்பது என்ன, அவர் வீட்டுக்காரரின் சிறுநீரகத்தால் செய்ய முடியாமல் போனது என்ன, டாக்டர் வராந்தாவில் என்னிடம் சொன்னது, நான் அவரிடம் சொல்லாமல் விட்டது, உப்புக்கு எண்ணைக் கையால் போட்டவள் நான் என்பது. இன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும், இன்றே அந்த உப்பைக் கொட்டிவிட வேண்டும் என்று முடித்தேன்.

அக்கா கையில் ஒட்டியிருந்த பருப்புத் தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். தூள் போன பிறகும் தட்டினார்.

"கீரையுமா?" என்றார் கடைசியில்.

"அவருக்கு... ஆமாக்கா."

"எளநியும்?"

நான் தலையாட்டினேன். "தப்பு என்னோடதுக்கா. நான்தான் தாராளமாப் போடலாம்னு சொன்னேன். நீங்க அன்னைக்கே கேட்டீங்க, எல்லாருக்கும் ஒண்ணுதானான்னு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீங்க சொல்லத்தான் செஞ்சிய. ஊட்டுனது நான்" என்றார். "வேண்டாம்னு தட்டத் தள்ளுவாவ. உருட்டி வாயில வைப்பேன்."

அதற்குப் பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து கடைக்குள் போனார். ஏலக்காய் பாக்கெட்டுகளை அடுக்க வேண்டியிருந்தது.

நானே அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். போகும்போதும் வரும்போதும் ஆட்டோவில் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் முடிவு வந்தது. சிறுநீரகம் நன்றாக இருந்தது. பொட்டாசியம் அளவாக இருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பதால் கால் வீங்குகிறது, சரியாகச் சாப்பிடாததால் மயக்கம் என்றார் டாக்டர். உட்கார ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்று சீட்டு எழுதினார்.

இரண்டு நாள். உப்பை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லி, இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் போதும், அவருடைய தெம்பு அவரிடமே இருந்திருக்கும். எப்படியும் ஒரு நாள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கலாம். நானும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தவள் நான்.

மேலாளர் ஸ்டூல் போட்டுக்கொடுத்தார். அக்கா அதில் உட்காருவதில்லை என்று பிறகு அவரே சொன்னார். மார்க் சொல்வதும் நின்றுபோனது. பட்டாளத்துக் காக்கா கூடையில் நாலு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை வேண்டுமென்றே மேலாக வைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் இரண்டு தடவை நடந்தாராம். அக்கா வழிவிட்டு ஒதுங்கினாராம்.

ரிப்போர்ட் வந்த பத்தாம் நாள் நான் ஹடப்சர் போனேன். அக்கா பழ வரிசையில் ஆரஞ்சுகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். "அக்கா, கால் எப்படி இருக்கு?" என்றேன்.

திரும்பினார். மற்ற ஊழியர்கள் தலைமை அலுவலகத்து ஆள் வந்தால் நிற்பதுபோல ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"நமஸ்தே மேடம்ஜி" என்றார். "அப் டீக் ஹை." இப்போது தேவலை என்று, இந்தியில்.

நான் தமிழில் இன்னும் ஏதேதோ கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக, சுத்தமான இந்தியில் பதில் சொன்னார். புனேயில் நான் இருந்த மிச்ச ஒன்றரை வருஷமும் என்னிடம் அப்படித்தான் பேசினார்.